கெளுத்தியைக் கையால் பிடித்த கப்பல்காரர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புழுக்கம். இலைகூட அசையவில்லை. துணி காயப்போட்டால் கரித்தூள் ஒட்டுகிறது.

விடியும் முன்பே விழிப்பு. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தலை எண்ண வருவார்கள் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யார் வருவார்கள்? செல்வி பார்த்துவிட்டு, "இன்னாய்யா, அடகோழி மாதிரி குந்திகினு கீற?" என்றாள்.

புழல் ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரி. கதவுதான் தகராறு. மூடிய கதவைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது. யாராவது வந்து திறப்பார்கள் என்று நிற்கிறேன். நேற்று கக்கூஸ் கதவு முன்னால் ரொம்ப நேரம். உள்ளே ஆளே இல்லை. கீழ்வீட்டு ரஹமத் அக்கா வந்து கதவைத் தள்ளிக் காட்டி, "காலியாத்தான் கீது, போ தம்பி" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். கேட்கமாட்டார்.

ஜனனி. ஐந்து முடிந்து ஆறு ஆகப்போகிறது. நான் உள்ளே போனபோது சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பார்க்க அழைத்து வராதே என்று நான்தான் சொன்னேன். செல்வி அவளிடம் சொல்லி வைத்திருப்பது: அப்பா கப்பலில் வேலை, தூரதேசம். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் கப்பலில் இருக்கிறார்கள், யாரும் துருவிக் கேட்பதில்லை. நல்ல பொய்தான். நான் வியாசர்பாடிக்காரன், கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், நீச்சல்கூடத் தெரியாது என்பதுதான் இடிக்கிறது.

கேஸைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைத்தான் இத்தனை வருஷம் எல்லாரும் எழுதினார்களே.

குழந்தை இன்னும் என்னை ஒன்றும் கூப்பிடவில்லை. ‘நீங்க’ என்கிறாள். இந்த வீட்டில் ‘நீங்க’ என்பது வாடகை கேட்க வருகிறவருக்கு.

ஆகஸ்ட் 13, புதன்

மதியம் இடி, நாலு தூறல், பிறகு பழைய புழுக்கம்.

செய்ய வேண்டியது: ஆதார் விலாசம் மாற்ற. யார்டு மேஸ்திரியைப் பார்க்க. முடி வெட்ட.
செய்தது: முடி வெட்டியது.

ஜனனி பள்ளியிலிருந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். கேள்விகள்: கப்பலில் டிவி இருக்குமா? திமிங்கலம் பார்த்தீர்களா? ராத்திரி கப்பல் தூங்குமா? எல்லாவற்றுக்கும் ம், ம் என்றேன். "கப்பல்ல எத்தினி பேரு ஒரே ரூம்ல படுப்பீங்க?" இதற்கு மட்டும் உண்மையான பதில் வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

செல்வி எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னேன், இது ரொம்ப நாள் ஓடாது என்று.

"ஓடும். நான் ஓட்டிகினு தான வந்தேன்? நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

"எப்பியாவது தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? இஸ்கூல்ல ஒரு புள்ள அது பக்கத்துல குந்தாது. எனக்குத் தெரியும்யா. என்கூட தெச்சுகினு இருந்தவளுங்களே மிசின மாத்திக்கினாளுங்க. எம்பொண்ணுக்கு அது வோணாம்."

அவள் சொல்வது நியாயம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன். உள்ளே இருந்தபோது பழகியது, தட்டு பளிச்சென்று இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில். தெருமுனையில் கொடி, மைக் செட், சாக்லேட். உள்ளே இன்றைக்குக் கேசரி. நாக்கில் அந்த ருசி தானாக வந்து போனது. சீ.

ஜனனி கொடி குத்திக்கொண்டு வந்து நின்றாள். பள்ளியில் சொல்லிவிட்டாளாம், அப்பா கப்பலிலிருந்து வந்துவிட்டார் என்று. இவள் வகுப்பில் ஒரு பெண், அவள் அப்பா நெட்டுக்குப்பத்துக்காரர், வலை போடுகிறவர். "எங்கப்பா நெறைய மீன் புடிப்பாரு, உங்கப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் விடுவாளா?

"ஞாயித்துக்கெழம மீன் புடிக்க என்ன இட்டுகினு போறீங்களா? சொல்ட்டு வந்துட்டேன்."

சரி என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. யாராவது எதையாவது சொன்னால் சரி என்பது பழகிவிட்டது.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி லாரியப் பாத்தாலே ஒதுங்கி நிப்ப. நீ மீன் புடிக்கப் போறியா?" பிறகு சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். நானும் சிரித்திருக்க வேண்டும். வாய் கோணியது, அவ்வளவே.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் மேகம்.

வாங்கியது: நைலான் நரம்பு, தூண்டில் முள் நாலு, ஈயக்குண்டு, இரைக்குப் பொடி எறா கொஞ்சம். மார்க்கெட் பக்கத்துக் கடை. கடைக்காரர் கேட்டார், "எந்த மீனுக்கு? எந்த எடம்?" தெரியாது என்றேன். "யாருக்கு?" என் பொண்ணுக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரே நரம்பில் முள்ளையும் குண்டையும் கட்டி, காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிக் கொடுத்தார். "கழிமொகத்துக்குப் போ. பாட்டில புள்ள கைல குடு. கல்லுமேல ஏத்தாத, வழுக்கும்."

கடையில் இருந்த இன்னொருவர் போனில்: "மாமு, சும்மா கூவாத மாமு, காத்து மாறிச்சுன்னா ஒண்ணும் பெயராது." எனக்குப் பயன்படும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். காற்று மாறினால் ஒன்றும் பெயராது, அதாவது மீன் சிக்காது. ஜனனியிடம் சொல்லலாம், கப்பல்காரன் பேச்சு மாதிரி இருக்கும்.

எறாவை ரஹமத் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். "பொண்ணுகூடயா? சோக்கா போய்ட்டு வா" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிகாலையில் நல்ல காற்று. பிறகு வெயில் மண்டையைப் பிளந்தது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

முதல் ரயிலில் எண்ணூர். ஜனனிக்கு ஜன்னல். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நெட்டுக்குப்பம். கழிமுகத்தில் ஏற்கெனவே பத்துப் பேர் தூண்டிலோடு. அந்தப் பக்கம் பவர் ஹவுஸ் புகைபோக்கி. "கப்பலா அது?" என்றாள். இல்லை, கரண்டு என்றேன். ஒரு கேள்விக்காவது உண்மை சொன்னேன்.

முதல் வீச்சு என் சட்டையில் மாட்டியது. இரண்டாவது கல்லில். பக்கத்து ஆள் ஒருவர் பல்லைக் காட்டினார். ஜனனி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கப்பல்காரர்கள் இப்படித்தான் வீசுவார்கள்போல என்று நினைத்திருப்பாள். "காத்து மாறிச்சு, பெயராது" என்றேன். தலையாட்டினாள்.

பிறகு அவளே வீசினாள். பக்கத்து ஆள் செய்ததை அப்படியே பார்த்துச் செய்தாள். நரம்பை விரலில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனதில் ஒன்றுமில்லை. அழகாக இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் யாரோ சொல்லித் தெரிந்த மாதிரி.

"இஸ்குது! இஸ்குது!" என்று கத்தினாள். எழுந்து பின்னால் பின்னால் நடந்து இழுத்தாள். நான் பாட்டிலைப் பிடித்தேன். மணலில் வந்து விழுந்தது, முழம் நீளம், மீசை வைத்த மீன். துள்ளித் துள்ளிக் குதித்தது. ஜனனியும் அதோடு குதித்தாள். "எட்து குடுங்க! எட்து குடுங்க!"

எடுத்தேன். வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். அது கெளுத்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று. பக்கத்து முள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கத்தினேன். அப்படி ஒரு கத்து. கை தோள்வரை எரிந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் கொட்டியது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். வலிக்குத்தான். ஆனாலும் கொட்டியது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். "அட நைனா, கெளுத்தியப் போயி கையால அமுக்குவாங்களா? சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே. முள்ள ஒட்ச்சிட்டுதான் தொடணும்." பக்கத்து ஆள் கட்டையால் மீனை அமுக்கி, முட்களை ஒடித்துப் போட்டார்.

ஜனனி முன்னால் வந்து நின்று சொன்னாள்: "எங்கப்பா கப்பல்ல வேல செய்றாரு."

மற்றவர்களிடம் சொல்லும்போது ‘எங்கப்பா’ இருக்கிறது. என்னிடம்தான் இல்லை.

"எந்தக் கப்பலு? காகிதக் கப்பலா?"

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஜனனி சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது.

டீக்கடை அக்கா கூப்பிட்டு உட்கார வைத்து, பேசினில் சுடுதண்ணி ஊற்றி, பொறுக்கும் சூட்டில் கையை முக்கி வைக்கச் சொன்னார். ஆற ஆற வேறு ஊற்றினார். மெதுவாக வலி இறங்கியது. அவர் கேட்டது: "ஊருக்குப் புச்சா?" ஆமா என்றேன். ஜனனிக்கு பிஸ்கட் கொடுத்தார். அவள் அதைச் சாப்பிடாமல் கையில் வைத்திருந்தாள்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. மீன் கவரில். சிக்னலில் வண்டி நின்றது. அப்போது கேட்டாள்.

"நீங்க கப்பல்ல இல்ல தான?"

செல்வி முகம் கண்முன் வந்தது. இந்தத் தடவையும் ம் என்று சொல்லியிருக்கலாம். கை அப்படி வலித்துக்கொண்டிருந்தது, இன்னொரு பொய்யைத் தூக்கத் தெம்பில்லை.

"இல்ல."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"புழல்ல."

"புழல் ஏரியா? எங்க மிஸ் சொன்னாங்க, நம்ம குடிக்கிற தண்ணி அங்கேர்ந்து வருதாம்."

"ஏரிக்குப் பக்கத்துல. ஜெயில்ல."

பிஸ்கட்டை ஒரு கடி கடித்தாள். "போலீஸ் புட்ச்சிகினு போச்சா?"

"ஆமா. சண்ட போட்டேன். ஒர்த்தருக்கு அடி பட்டுச்சு."

"அழுதீங்களா?"

"அங்க அழல."

"ஏரி எவ்ளோ பெருசு?"

"பாத்ததில்ல."

"பக்கத்துலயே இருந்துகினு பாக்கலியா?"

"சொவரு ஒசரம்."

வண்டி கிளம்பியது. இறங்கும்போது மீன் கவரை அவளே தூக்கிக்கொண்டாள், என் கை வீங்கியிருந்ததால். அல்லது அவள் மீன் என்பதால்.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. கரண்டி நின்றது, பிறகு மறுபடி சுற்றியது.

"அது நாளைக்கு இஸ்கூலுக்குப் போவும்" என்றாள். "போயி சொல்லும். நீயே போயி இட்டுகினு வா. நான் அந்த வாசல்ல நிக்கமாட்டேன்."

மூன்று பேரும் கெளுத்திக் குழம்பு சாப்பிட்டோம். நல்ல ருசி. யாரும் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது. வெளியே வந்த பிறகு முதல் தடவையாக மனதில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

தூறல். வீக்கம் பாதி வடிந்தது. மேஸ்திரியைப் பார்க்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. பள்ளி விடும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி வாசலில் தாய்மார்கள் குடையோடு. நான் ஓரமாக. மிஸ் ஒவ்வொரு குழந்தையாக அனுப்பினார். ஜனனி வந்தாள். மிஸ் என்னைப் பார்த்து, "அப்பாவா? கப்பல்லேர்ந்து வந்துட்டீங்களாமே?" என்றார். பக்கத்தில் அந்த நெட்டுக்குப்பத்துக்காரர் மகள், வாயைப் பிளந்துகொண்டு.

ஜனனி மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"கப்பல் வேல உட்டாச்சு மிஸ். மீனு நான்தான் புட்ச்சேன். இவருக்கு ஒண்ணுமே தெரியாது, நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

மிஸ் சிரித்தார். தாய்மார்களும். அந்தப் பெண் கேட்டாள், என்ன மீன் என்று. கெளுத்தி என்றாள் இவள், பெரிய ஆள் மாதிரி.

தெருவில் கொஞ்ச தூரம் வந்ததும் குடைக்குள் ரகசியமாகக் கேட்டாள், "கரீட்டா சொன்னனா?" ஐந்து வயசுக் குழந்தைக்கு நானும் செல்வியும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சரியாகத்தான் சொன்னாய் என்றேன். இனிமேல் யார் கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அட்த்த ஞாயிறு அந்த ஏரியப் பாக்கப் போலாமா? நீயும் பாத்ததில்லல்ல."

‘நீ’. போகலாம் என்றேன்.

மழை வலுத்தது. ஓடிவந்து படியேறினோம். வீட்டுக் கதவு மூடியிருந்தது. சாவி என் பையில். செல்வி வருகிற நேரமில்லை. வழக்கம்போலக் கால் நின்றுவிட்டது, நனைந்துகொண்டு நின்றேன். அவள் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள், பூட்டு எட்டவில்லை, குதித்துக் குதித்துப் பார்த்தாள். பிறகு என் நல்ல கையை விரித்துச் சாவியை வைத்தாள்.

"தொறப்பா. நம்ம வூடுதான்."