பூக்கடைக்குச் செய்த இருநூறு குச்சிக் கேக்குகள்

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம் இது. நீ வேலைக்குப் போன ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் முதல் வரியிலேயே பொய் எதற்கு. எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் கோழிக் கிறுக்கல் இல்லை, உன் மனைவியின் கையெழுத்து. என் வலது கை வெந்துபோய் மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, வெந்நீர்தான், இரண்டு வாரத்தில் தோல் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். காலையில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இவளே தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதறேன், மாசக் கடிதம் இந்த மாசம் மட்டும் ஏன் நிக்கணும் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய், கடிதத்தில் அது முடியாது, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நீ என்னிடம் ஒப்படைத்த வேலைக்கும் இதிலேயே பதில் வரும். என்ன வேலை அத்தை என்று இப்போது கேட்கிறாள். எழுதும்மா, வரும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வேலையை முடிக்காமல் நான் பத்தொன்பது நாள் ஓட்டிவிட்டேன், அதுதான் என் மனசை அரிக்கிறது.

முதலில் கை வெந்த கதையைக் கேள். காதலர் தினத்துக்கு நம் தெருமுனைப் பூக்கடை அம்மா இருநூறு குச்சிக் கேக் கேட்டிருந்தார்கள், ஒவ்வொரு பூங்கொத்திலும் ஒன்று செருகிக் கொடுக்கிறதற்கு. அந்த அம்மாவை உனக்கு நினைவிருக்கும், ஊரிலுள்ள காதலுக்கெல்லாம் பூ விற்கிற அந்த முகத்தில் சிரிப்பு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இருநூறுல ஒண்ணு கூட தலை தொங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆர்டரே கொடுத்தார்கள். உன் மனைவிக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் இது. பேக்கரியில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் கொட்டிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கேக்கை ஆறவைத்து உதிர்த்து, கிரீமோடு பிசைந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, பாதியை இதயமாக அழுத்தி, பாதியை உருண்டையாகவே விட்டு ஃபிரிட்ஜில் அடுக்க வேண்டும். குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டுத்தான் செருக வேண்டுமாம், அப்போதுதான் பிடித்துக்கொள்ளும், அதைச் செய்யாமல் செருகினால் உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி எடுக்கும்போது கேக் கிண்ணத்திலும் குச்சி கையிலும் நிற்கும். உருண்டை ரொம்பச் சில்லிட்டிருந்தால் மேலே போர்த்திய சாக்லேட் வெடித்துவிடும், கொஞ்சம் இளகியிருந்தால் நழுவிவிடும். இதெல்லாம் இரண்டாம் நாளே எனக்கும் பிடிபட்டுவிட்டது. சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான், வெடிப்பு விட்டது, கண்ணீர் விட்ட மாதிரி அடியில் சொட்டு நின்றது, மேலே அழகுக்கு ஒட்டுகிற சர்க்கரை இதயம் கோணிக்கொண்டது எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். அத்தை கண்ணுல படாம ஒண்ணும் தப்பாது என்று சிரிப்பாள். நான் பெற்ற பிள்ளையிடம் அந்தக் கண் வேலை செய்யவில்லை. இதை எழுதணுமா அத்தை என்கிறாள், எழுது என்றேன்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் போதும், திரிந்து கட்டி தட்டிவிடும், அந்தக் கிண்ணத்தையே தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் அழுகை வரும்போதெல்லாம் அடுப்பை விட்டுத் தள்ளிப் போய்த் துணி காயப் போடுகிற இடத்தில் நின்று அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன். கண்ணு ஏன் சிவந்திருக்கு என்று கேட்டால் சாக்லேட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவேன். அதை நம்பி அவள் எனக்கு ஒரு துணியை மூக்கில் கட்டிவிட்டாள். இரண்டு அறை வீட்டில் மேஜை, கட்டில், ஜன்னல் விளிம்பு எல்லாம் குச்சி நட்ட பலகைகள், உட்கார இடமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு இதயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காதலர் தினத்துக்கு முந்தின நாள், இருநூறும் முடிகிற நேரத்தில், மீந்த மாவில் ஒரு உருண்டை பிடித்து உனக்கென்று ஒன்று தனியாகச் செய்தாள். உன்னை அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நானே எழுதச் சொல்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள், தூங்குமூஞ்சி. அந்தப் பெயர் ஒரு உருண்டையில் அடங்கவில்லை. வெள்ளைச் சாக்லேட்டால் முன்பக்கம் தூங்கு என்றும் பின்பக்கம் மூஞ்சி என்றும் எழுதி, தானே சிரித்து, இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள். படத்தை நீ பார்த்துவிட்டதாக அவள் போனில் நீலக்கோடு விழுந்ததாம். பதில் வரவில்லை. வேலையில இருப்பாரு அத்தை, சாயங்காலம் சிரிச்சு வெச்சு ஒரு வார்த்தை அனுப்புவாரு பாருங்க என்று அவள் சொன்னபோதுதான் நான் சாக்லேட் உருகுகிற கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலிருந்து தூக்கிக்கொண்டிருந்தேன். கை நழுவிவிட்டது. பாத்திரமே என் கையில் கவிழ்ந்தது. அவள் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கையைப் பிடித்து, ஆட்டோ பிடித்து, நர்ஸிடம் காட்டி, திரும்பி வந்து மிச்ச வேலையையும் ஒற்றை ஆளாக முடித்தாள். நான் இடது கையால் குச்சி எடுத்துக் கொடுத்ததோடு சரி.

மறுநாள் காலையில் பலகைகளைத் தூக்கிக்கொண்டு பூக்கடைக்குப் போனோம். பூக்கடை அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு தலைகூடத் தொங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் பூங்கொத்து வாங்கிக் குச்சிக் கேக்கைத் தெர்மாமீட்டர் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனான், அதைப் பார்த்து இவள் சிரித்தாள். கிளம்பும்போது பூக்கடை அம்மா காம்பு ஒடிந்த ஒரு ரோஜாவை எடுத்து இவள் கையில் கொடுத்து, வீட்டுக்காரர் ஊர்ல இல்லேல்ல, வச்சுக்கோ என்றார்கள். இவள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். நேற்றும் அப்படித்தான், இன்று காலையிலும் அப்படித்தான். இனி என்னால் பார்க்க முடியாது. அதனால் இதை எழுது தாயே, நான் சொல்கிறபடி எழுது, பேனாவை வைக்காதே. மகனே, பத்தொன்பது நாளைக்கு முன்னால், இவள் குச்சி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நீ எனக்குப் போன் செய்து, உனக்கு அங்கே வேறொரு பெண் இருக்கிறாள், அவளோடுதான் இருக்கப் போகிறாய், இங்கே இனி வர மாட்டாய் என்று சொல்லிவிட்டு, இதை நீயே அவகிட்ட சொல்லிடும்மா, நீ சொன்னா தாங்கிப்பா என்று சொன்னாய்.

மகனே, பேனா நின்றுவிட்டது. நான் சொல்லாமலே எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது, மூடவே இல்லை. காலையில் கழுவி வைத்த தட்டுகளைத் திரும்பவும் கழுவினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன், எழுந்து போக முகம் இல்லை. பிறகு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, நீ சொன்னா தாங்கிப்பா என்று சொன்னாய், இதுவரைக்கும் எழுதியிருக்கேன், அப்புறம் என்ன என்று கேட்டாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. இதையெல்லாமும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒரு எழுத்து பிசகவில்லை, நீயே பார்.

என்னை அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். பத்தொன்பது நாளா உங்களுக்குத் தெரியுமா அத்தை. தெரியும் என்றேன். என்கூட உக்காந்து இதயம் ஒட்டினீங்களே என்றாள். உன் மனசு நோகக் கூடாது என்றுதான் தள்ளிப் போட்டேன் தாயே, ஆர்டர் முடியட்டும், நல்லபடியாக ஒரு வேலை உன் கையில் முடியட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே அது எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள். சொன்னால் இவள் எழுந்து போய்விடுவாள், இந்த இரண்டு அறையில் நான் தனியாக இருக்க வேண்டும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் ஒவ்வொரு நாளாகத் திருடினேன். அவள் அதற்கும் சத்தம் போடவில்லை. எல்லாம் போகட்டும் அத்தை, அந்தப் படத்தை அனுப்ப விட்டீங்களே, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களே என்று மட்டும் சொன்னாள். நீ தூரத்தில் இருந்துகொண்டு செய்ததை நான் பக்கத்தில் இருந்து செய்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. கைக்கட்டு மாற்றுகிறதற்குத் தையல்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்கிறாள், அதையும் வேண்டாம் என்றேன், கேட்க மாட்டேன் என்கிறாள். அங்கே இருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, யார் பெற்ற பிள்ளையோ, அவளையாவது நடுவில் ஒரு ஆளை நிறுத்தாமல் நேருக்கு நேர் பேசி நடத்து. இவள் நம்பர் மாறவில்லை. சட்டப்படி செய்ய வேண்டியது, பேச வேண்டியது, மன்னிப்புக் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் நீயே போன் செய், இனி என் வாயால் ஒரு செய்தியும் போகாது. தாங்கிப்பா என்று சொன்னாயே, தாங்குகிறாளா என்று பார்க்க நீ இங்கே இல்லை, நான் பார்த்தேன். மற்றபடி குளிர்காலம் முடிகிற வரைக்கும் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் தலையோடு படுக்காதே, மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற பழக்கத்தை விடு. பெற்றவள் வாயில் சாபம் வராது, நீ நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு. கோபம் ஆறிய பிறகும் இதைத்தான் சொல்லுவேன், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

நீ போனதிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் எழுதி முடித்த பிறகு அடியில் இவள் தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவாள், நானும் அதைப் படிக்காமலே மடித்து உறையில் போடுவேன். இன்றும் இடம் விட்டிருக்கிறது, எழுதும்மா, நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுத ஒண்ணுமில்ல அத்தை, நீங்க முடிங்க என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா