முழுதாக மடக்காத முட்டி

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்தே மேல்காற்று. ஸ்கேன் அறை ஜன்னலெல்லாம் புழுதி. ஜெல் தீரப்போகிறது, எழுதிப் போடணும்.

களக்காட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி, வாழைத்தார் சுமக்கிறவர். முட்டியில் ஜெல்லைத் தடவியதும், "உள்ள புள்ளையா இருக்கு, டாக்டரம்மா? எம்பொண்டாட்டிக்கு இந்த மிசின்லதான பாத்திய." நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"குதிங்கால் தொடையில முட்டுத மாதிரி மடக்குங்க அண்ணாச்சி. அரைகுறையா மடக்கினா குருத்தெலும்பு முட்டிச் சில்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

பெற்ற மகள் கோமதிக்கு நான் மடக்கவில்லை.

மூன்று வாரம் முன்பு ஓட்டப் பயிற்சியில் விழுந்து வந்தாள். "வலிக்கும்மா, விடேன்." பாதியிலேயே விட்டேன். திரையில் குருத்தெலும்பின் கறுப்புப் பட்டை சீராக இருந்தது. தெரிந்த அளவுக்குச் சீர். "ஒண்ணுமில்ல, ஓடு" என்றேன். எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் தேறியவள், 19-ம் தேதி ஓட்டத் தேர்வு. ஒண்ணுமில்லாமல் இருக்கணுமே என்று எனக்கும்.

அன்றிலிருந்து தினமும் ஓடுகிறாள். நேற்று முட்டி வீக்கம். தைலம் தேய்த்துவிட்டேன். நான். ஸ்கேன் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள்.

ஜூன் 10

நோயாளிகள் வருமுன் கோமதியைக் கூட்டிப்போனேன். இந்த முறை முழுதாக. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். கறுப்புப் பட்டையில் பள்ளம். அடியில் எலும்பின் வெள்ளைக் கோடும் உடைந்து.

"ஒண்ணுமில்லல்லாம்மா?"

ஜெல்லைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

எம்.ஆர்.ஐ. எழுதினேன்.

ஜூன் 12

எலும்பு டாக்டர். குருத்தெலும்பில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. அறுவை செய்யணும். ஓட்டம் கிடையாது. இனிமேலுமா? "இப்ப சொல்ல முடியாது."

பிறகு: "விழுந்த அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஓட விட்டிருக்க மாட்டோம். அப்ப யாரு ஸ்கேன் பாத்தது? முழுசா மடக்கலியா?"

எம்.ஆர்.ஐ. படத்தை உறைக்குள் போட்டேன்.

கோமதிதான், "வலிக்குன்னு நான்தான் மடக்க விடல, டாக்டர்."

திரும்பும்போது காரில், வண்ணாரப்பேட்டை சிக்னலில், ரோட்டைப் பார்த்தபடி, "மடக்கிப் பாக்கணும்னு உனக்குத் தெரியும்லாம்மா."

தெரியும்.

வாங்க: ஐஸ் பை, ஊன்றுகோல், பால்.

ஜூன் 15

சாப்பிடுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். அம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. மூன்று நாள். ஓடுகிற ஷூவைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். கூடப் படித்த பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறாளாம், அதே சைஸாம்.

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 19, வெள்ளி

ஓட்டம் இன்று. கோமதி கதவைச் சாத்திக்கொண்டாள். லீவு போட்டிருக்கலாம். வீட்டில் இருக்கத் தைரியமில்லை.

சாத்தான்குளத்துப் பிள்ளை ஒன்று, பதினாலு வயசு, கோகோ ஆடி விழுந்தது. மடக்கினதும் அலறியது. அவள் அம்மா என் கையைப் பிடித்தாள். "புள்ளைக்கு வலிக்குல்லா. போதும், விடுங்க டாக்டரம்மா."

விடவில்லை. பைய, பைய, கடைசி வரை மடக்கினேன். பட்டை முழுதும் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தாங்கிப் போனாள். வாசலில் பிள்ளையிடம் சொன்னது கேட்டது:

"கல்நெஞ்சுக்காரி. இவளும் ஒரு புள்ளயப் பெத்தவதானா?"