வெள்ளிக்கிழமைக் குரல் தேர்வு

தாலியன்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷியாவ்ரானுக்கு,

நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், யோகோஹாமாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் பாதிக் கவலை தீரும். அம்மாவின் முழங்கால் தேவலை. நேற்று சிப்பிக் கொழுக்கட்டை பிடித்தாள், உன் பங்கையும் சேர்த்துத் தின்றதாக எனக்குத் திட்டு. நீ தொலைபேசியில் சொன்னதுதான் மனதிலேயே நிற்கிறது. அந்தப் பெரிய கடையில் அறிவிப்பாளர் வேலைக்கு வெள்ளிக்கிழமை குரல் தேர்வு, நீயோ பெயரை விலக்கிக்கொள்ளப் போகிறாயாம். ஜப்பானியர் ஒரு சொல்லில் குரலை ஓரிடத்தில்தான் இறக்குவார்கள், நாம் சீனப் பழக்கத்தில் ஒவ்வோர் அசையையும் தனித்தனியே ஏற்றி இறக்குகிறோம். “போன வருஷம் இதெல்லாம் காதுலயே விழல, இப்ப வரிக்கு வரி என் தப்பு கேக்குதுப்பா, நான் தேறல, பின்னாடிதான் போறேன்” என்றாய். நான் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது என் வகுப்பில் மீனவர் பிள்ளைகள் பாடம் வாசித்தால், வெளியூரார் கேலி செய்யும் நம் ஊர்ப் பேச்சின் ‘சிப்பி வாடை’ அப்படியே வீசும், அவர்களுக்குத் தெரியாது. என்றைக்கு ஒரு பிள்ளை நடுவில் நிறுத்தி, முகம் சிவந்து, தானே திரும்ப வாசிக்கிறதோ, அன்றே அது பாதி தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

என்னையே பாரேன். நீ போன புதிதில் அனுப்பிய ஒலிப்பதிவும் கோடையில் அனுப்பியதும் அப்போது எனக்கு ஒன்றாகத்தான் கேட்டன. பிறகு முதியோர் கல்லூரியில் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் நம் தொனிக் குறிகளைப் போட்டுக்கொண்டு வாசித்தேன், ஆசிரியை சிரித்துவிட்டார். நேற்று அதே இரண்டு பதிவுகளையும் போட்டேன். முதலாவதில் உன் குரல் படிக்குப் படி குதிக்கிறது, இரண்டாவதில் பல சொற்களில் மேட்டிலிருந்து ஒரே தடவை இறங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு சோங் அத்தையைக் கேட்கச் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதான் வாத்தியாரே, பொண்ணு மேல பாசம், உங்களுக்கு அப்படித்தான் கேக்கும்” என்றாள். அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அம்மாவும் நம்பாமல் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், ஒன்றைக்கூட நான் தப்பாகச் சொல்லவில்லை. “அட, கிழவனுக்குக் காது வந்திருச்சே” என்றாள். நீ திருத்திக்கொண்டது எனக்கே கேட்கிறது மகளே, உனக்கு மிச்சமிருக்கும் தப்பு மட்டும் கேட்கிறது. பெயரை விலக்காதே, போய் வாசித்துவிட்டு வா. அடுத்த பருவத்தில் அம்மாவும் வகுப்புக்கு வருகிறாளாம். “அவ கடையில பேசறப்போ கேக்க எனக்கும் காது வேணாமா” என்கிறாள்.

நல்லபடி நடக்கும், எங்கள் ஆசி உன்னோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் வெந்நீர் மட்டும் குடி, ஐஸ் போட்டது எதையும் தொடாதே.

உன் அன்பு அப்பா,
லுவான் ஷௌயே