ஹீட்டர் அணையாமலிருக்க ஒரு வயர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எங்கள் பேக்கிங் அறையில் கேஸ் ஹீட்டர் அடிக்கடி அணைந்துபோகும். புகைக்குழாய் அடைத்தால் கேஸை நிறுத்த அதில் ஒரு சுவிட்ச் உண்டு. "இந்தச் சனியனாலதான் தொல்லை" என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவிட்சைத் தவிர்த்து நேராக ஒரு வயரை மாட்டிவிட்டார். அப்புறம் அது அணையவே இல்லை. அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம்.

லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே தூங்கிய அந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. புகைக்குழாய் அடைத்திருந்ததாம். பயப்படாதே, வயரை நானே பிடுங்கிவிட்டேன். "மறுபடி மாட்டுப்பா, ஆளுங்க குளிர்ல நடுங்குறாங்க" என்கிறார் சூப்பர்வைசர். முடியாது என்றுவிட்டேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒரு கம்பளி அனுப்பும்மா. அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுடையதைக் கொடுத்தார்கள், போர்த்திக்கொள்ள மனசு வரவில்லை.

உன் சின்னவன்