சீடியில் சத்தம் வரவில்லை

2009 மே 13, புதன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் துணி நிற்கவில்லை. வீடு முழுக்க மணல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஹனீபா காக்கா வந்தார். ஒரு சீடி தந்தார். அவர்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்று, சுனாமியில் கடல் வருவதற்குச் சில மாதங்கள் முந்தியது. அதில் பரீதா இருக்கிறாராம். பரீதா காக்காவின் தங்கை, இவரின் (என் கணவரின்) முதல் மனைவி, சஹ்ராவின் உம்மா. காக்காவின் மனைவியும் பரீதாவோடு அதே காலையில் கடலில் போனவர்தான். அதனாலோ என்னவோ அவர் இதை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. சஹ்ரா கேட்டுக்கேட்டு அழுததால் கொண்டுவந்தாராம்.

பிள்ளைக்கு அப்போது நாலு வயது. “உம்மாட மொகம் போட்டோவுல இரிக்கி. கதைக்கிறதுதான் ஞாபகம் இல்ல சாச்சி.”

மே 14, வியாழன்

படம் வருகிறது. சத்தம் இல்லை.

பார்த்தவை: ஸ்பீக்கர் வயர். சத்தத்தைத் தவறுதலாக நிறுத்தி வைத்திருக்கிறேனா என்பது. வேறு சீடி (அதில் கேட்கிறது). ஆகவே கம்ப்யூட்டரில் பிழை இல்லை.

பரீதா நல்ல உயரம். நீல அபாயா. சஹ்ரா இடுப்பில். யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வாய் அசைகிறது, அவ்வளவுதான்.

இவர் பின்னால் நின்று பார்த்தார். பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தொழுகைக்கு வாங்கு சொல்ல இன்னும் நேரம் கிடந்தது.

மே 16, சனி

கல்முனையில் என் கம்ப்யூட்டர் வகுப்பு. பிள்ளைகளுக்கு எழுத்துரு மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். மனம் சீடியில். வகுப்பு முடிந்து, சத்தத்தைப் பிரித்துத் தரும் கோடெக் என்ற சிறிய மென்பொருளை இறக்கி, பென்ட்ரைவில் எடுத்து வந்தேன். இன்டர்நெட் இரண்டு தடவை அறுந்தது.

போட்டேன். சத்தம் வந்தது!

சினிமாப் பாட்டு. படம் தொடங்கியதிலிருந்து பாட்டு. பரீதா வாய் திறக்கிறார், பாட்டுக்காரி பாடுகிறாள்.

சஹ்ரா: “பாட்ட நிப்பாட்டுங்க சாச்சி. உம்மாட சத்தத்த மட்டும் வைங்க.”



மே 17, ஞாயிறு

இடப்பக்க ஸ்பீக்கர் தனியே, வலப்பக்கம் தனியே கேட்டேன். இரண்டிலும் பாட்டு. மேல் சுரத்தைக் குறைத்து, நடுவைக் கூட்டிப் பார்த்தேன். வேறு பிளேயர். அதே பாட்டு, இன்னும் மோசமாக.

டவுனில் வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கேட்டேன். “தங்கச்சி, அந்தக் காலம் சத்தத்த முழுசா அழிச்சிட்டுத்தான் பாட்டுப் போடுற. அடியில ஒண்டும் இரிக்காது. மூல கெசட் கெடச்சாப் பார்க்கலாம்.” அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்தவரின் கடை கடற்கரை வீதியில் இருந்தது. கடையும் இல்லை, கெசட்டும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் ஒரு நிம்மதி. அந்தக் குரல் இந்த வீட்டுக்கு வராது. பிறகு சஹ்ரா வாசல் படலையில் நிற்பதைக் கண்டேன். நிம்மதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

மே 18, திங்கள்

டவுனில் பட்டாசு வெடி. ரேடியோவில் சண்டை முடிந்தது என்கிறார்கள். இவர் கதவைச் சாத்தச் சொன்னார். வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மதிலால் எட்டிப்பார்த்து, “இனி நமக்கென்ன நடக்கும்?” என்றாள். யாருக்குத் தெரியும்.

நான் காதில் ஹெட்போன்.

ஒரு இடம் அகப்பட்டது. ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குமுன் சிறிய இடைவெளி. அந்த இடத்தில் பழைய சத்தத்தை அழிக்க மறந்திருக்கிறார்கள். கோப்பைச் சத்தம், பிள்ளைகள், பிறகு ஒரு பெண் குரல்: “இஞ்ச, புள்ளைக்கு முதல்ல வைங்க. பசியில அழுறா.”



திரும்பப் போட்டுப் பார்த்தேன். குரல் வரும்போது பரீதாவின் வாய் மூடியிருக்கிறது. அவர் வாய் திறக்கும்போது அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. சத்தம்தான் முந்தி ஓடுகிறதோ என்று பார்த்தேன். இல்லை. ஒருவர் சோற்றுச் சஹனைக் கீழே வைக்கிறார். படமும் சத்தமும் சரியாக ஒன்றாக விழுகின்றன. பிழை ஒன்றும் இல்லை. கதைத்தது வேறு யாரோ, கமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

மே 19, செவ்வாய்

இவருக்கு மட்டும் அந்தக் குரலைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“பரீதாவா?” நான் பிழையாக விளங்கியிருக்கலாம் என்று கேட்டேன்.

“அவ மாதிரித்தான் கெடக்கு.”

“மாதிரியா, அவவேதானா?”

“எனக்குப் புடிபடுதில்ல புள்ள. ஏழு வருசம் கூட இருந்த எனக்கே புடிபடுதில்ல.” முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல்.

வாய் மூடியிருக்கும் படத்தையும் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: “சத்தத்தக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளேலாதா? அவ வாய் தொறக்கிற இடத்துக்கு?”

ஏலும். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, சத்தம் முந்திப் பிந்தி வரும் படங்களைச் சரிசெய்ய. சரியாக இருந்ததை நான் அதால் பிழையாக்கினேன். உதடும் சொல்லும் பொருந்திவிட்டன. அந்தத் துண்டை மட்டும் வெட்டிச் சேமித்தேன்.

மே 20, புதன்

சஹ்ரா கேட்டது. திரையில் கை வைத்தது. “உம்மா என்னப் பத்தித்தான் கதைக்கா!”

“ஓம் மகள்,” என்றார் இவர். நான் அடுப்படிக்குப் போனேன்.

பின்னேரம் முழுக்க அந்தக் குரல்தான். புள்ளைக்கு முதல்ல வைங்க. சோறு போட்டால் பிள்ளையும் அதே இழுப்பில் சொல்லுது.

மே 22, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஹனீபா காக்கா வந்தார். நான் தடுக்குமுன் சஹ்ரா அவரைக் கையில் பிடித்து இழுத்துப்போய்ப் போட்டுக் காட்டியது.

காக்கா அசையவில்லை.

“உம்மாதானே மாமா?”

“ஓம் மகள். ஒங்கட உம்மாதான்.”

வெளியே போய்விட்டார். தேத்தண்ணியோடு பின்னால் போனேன். தென்னையில் கையை ஊன்றி நின்றார்.

“அது றயீஸா,” என்றார். “என்ட பொஞ்சாதி. கமராக்குப் பக்கத்துல நிண்டு கதைக்கிறா.”

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

“வேணாம் தங்கச்சி. அது கண்டுபுடிச்ச உம்மாவ நாம எடுக்கப்படா.”

“அப்ப உங்களுக்கு ஒரு கொப்பி அடிச்சித் தாறன் காக்கா.”

“படத்துல நிக்கிறது பரீதாதானே. றயீஸா அதுல இல்லயே.” தேத்தண்ணியைத் தொடவில்லை. சைக்கிளை எடுத்தார்.

உள்ளே சஹ்ரா திரும்பவும் போட்டது. காக்கா படலையில் சைக்கிளோடு நின்று, அது முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் போனார்.