அந்த இரண்டு நிமிஷ இருட்டைப் பற்றி

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. முதல் வரியிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இல்லையென்றால் கடைசிவரை சொல்லாமலே மடித்து வைத்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

நம்முடைய தாய்லாந்துப் படம் புதுசாக வந்திருக்கிறது. தொலைந்துபோனதாக நினைத்த நெகட்டிவை ஏதோ ஒரு கிடங்கில் கண்டெடுத்து, கீறல் துடைத்து, நிறம் திருத்தி, ப்ளூ ரே தட்டாகப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வந்த பிறகுதான் உறைத்தது, என்னிடம் பிளேயர் இல்லை. திருவொற்றியூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இன்னும் தட்டு போட்டு யாரு சார் பாக்குறாங்க? போன்ல பாருங்க" என்றார். போனில் பார்க்கவா இத்தனை வருஷம் காத்திருந்தேன்?

அந்தப் படத்தின் வீடியோ கேசட் நம்மிடம் வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் பழுதாகி ஒரு தாய்லாந்துக் கப்பல் துறைமுகத்தில் ஒன்றரை மாதம் நின்றது. நீ கிரேன் ஓட்டிய பக்கம்தான். அந்தக் கப்பலின் சமையல்காரன் பெயர் உன் வாயில் நுழையவில்லை. சோமு என்று வைத்துவிட்டாய். நீ கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாய், அவன் எதையோ வறுத்துக் கொடுத்தான். கிளம்பும்போது இந்தக் கேசட்டைத் தந்தான். அவன் ஊர் அரிசி ஆலையில் எடுத்த படமாம். அதில் ஒரு இடத்தில் அவன் மாமா மூட்டை தூக்கிக்கொண்டு போகிறாராம்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய ஆலைக்குள் ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் நடக்கிறாள். நின்று நின்று, "பீ... பீ..." என்று கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். கீழே எழுத்தும் இல்லை. கொருக்குப்பேட்டை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முதல்முறை போட்டபோது அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர், "இன்னாபா, அவளுக்கு வயிறு சரியில்லியா?" என்று கேட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் தேடி, அந்தச் சொல்லுக்குப் பேய் என்று பொருள் கண்டுபிடித்து வந்தேன்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அவ அண்ணனைக் கூப்டுகினு கீறா" என்றாய் நீ. "சோமு என்னிய அப்டித்தான் கூப்டுவான். வயசுல பெரியவன்னா பீ."

"தாய் மொழியில எம்.ஏ. எப்ப முடிச்சே?" என்று கேட்டேன். என் சிலேடையை நானே ரசித்துச் சிரித்தேன்.

பிறகு நான் கல்லூரி வாத்தியாரானேன். ஒரு சிறுபத்திரிகையில் அந்தப் படத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். படம் முழுக்கப் படர்ந்திருக்கும் பச்சை, துயரத்தின் நிறம் என்று எழுதினேன். பின்னணியில் ஓயாமல் பெய்யும் மழையைப் பற்றி ஒரு பக்கம். முடிவுக்குச் சற்று முன்னால் இரண்டு நிமிஷம் திரை இருண்டு, சத்தமும் நின்றுபோகுமே, அதற்கு மட்டும் மூன்று பக்கம். இறந்தவர்கள் பதில் சொல்வதில்லை என்பதைக் காட்ட இதைவிடத் துணிச்சலான காட்சி உலக சினிமாவிலேயே கிடையாது என்று எழுதினேன். பலர் பாராட்டினார்கள். இரண்டு பேர் அந்த வரியைத் திருடவும் செய்தார்கள். அவர்கள் யாரென்று இன்றைக்கும் என் மனசில் இருக்கிறது.

ஒருவழியாகப் பிளேயர் கிடைத்து, போன வாரம் தட்டைப் போட்டேன். பச்சை இல்லை அண்ணா. ஆலை முற்றம் முழுக்க உமியின் மஞ்சள். மழையும் இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயில். மழை என்று நான் எழுதியது நம் கேசட்டின் இரைச்சல். மடியில் அந்த ஒன்பது பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. இருட்டு வரவில்லை. ஆலையின் பின்னறையிலிருந்து தலையெல்லாம் உமியோடு ஒருத்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறான். இப்போது கீழே எழுத்து இருக்கிறது. அவள், "அண்ணா, எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன்?" என்கிறாள். அவன், "இங்கேதான் இருந்தேன். தூங்கிவிட்டேன்" என்கிறான். "சோறு ஆறிப்போச்சு" என்கிறாள். இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். ஒன்றரை மணி நேரமும் அவள் சாப்பிடத்தான் கூப்பிட்டிருக்கிறாள்!

இதை நீ பதினாறு வருஷத்துக்கு முன்பே சொன்னாய். ராயபுரத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், நான் மேடையில் நின்று இருட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்தாய்.

"வாத்யாரே, ஒரு நிமிசம். அது இருட்டு இல்லபா. நீ பாக்குறதுக்கு மின்னாடியே நான் ஒரு தபா தனியா போட்டுப் பாத்தேன். உங்க அண்ணி சாப்பிடக் கூப்டா, அவசரத்துல வீடியோ டெக்குல நான்தான் ரெகார்ட் பட்டனை அமுக்கிட்டேன். ரெண்டு நிமிசம் அழிஞ்சிபோச்சு. அந்த எடத்துல அவ அண்ணங்காரன் வெளிய வர்றான்."

யாரோ, "அப்ப ஒம்போது பக்கமும் பட்டனைப் பத்தியா சார்?" என்று கேட்டார்கள். கூரை பிய்த்துக்கொண்டது மாதிரி சிரிப்பு.

நீ பொய் சொல்கிறாய் என்று முடிவு கட்டினேன். தம்பி மேடையில் நிற்பது உனக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னைப் புதைத்த அன்றுகூட, கூட வேலை பார்த்தவனைப் போல ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

இப்போதும் எனக்கு எரிச்சல் போகவில்லை. உண்மையாகவே இருக்கட்டும், அதை நாற்பது பேர் முன்னாலா சொல்வது? வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா? இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதிலே இருக்காது என்ற தைரியத்தில், போனவாரம் அண்ணிக்குப் போன் செய்து கேட்டேன்.

"வூட்டாண்ட வந்து சொல்லத்தானே கூட்டத்துக்கு மொத நாளு வந்தாரு?" என்றாள். "நீ எழுதினதப் படிச்சிட்டு மனுசன் சாப்பிடவே இல்ல. நான் பண்ண தப்புக்கு அவன் நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுவான்னு பொலம்பிகினு ஓடி வந்தாரு. நீ கதவையே தொறக்கலியாமே?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு மாலை பத்திரிகைக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். வேலை முடிந்து, கிரீஸ் ஒட்டிய காக்கிச் சட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாய். "தம்பி... டேய் தம்பி..." நாலு தடவை. உன் பேச்சை அவர்கள் கேட்டுவிடக் கூடாது என்று ஜன்னல் வழியாகக் கையை மட்டும் காட்டினேன், அப்புறம் வா என்று. யார் அது என்று ஒருவர் கேட்டார்.

"தெரிஞ்சவர்" என்றேன்.

அதற்காக மறுநாள் எழுந்து நின்று சொல்ல வேண்டுமா? வேறு எங்கே சொல்லியிருப்பாய்? தெரியவில்லை, போ.

அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. திருத்தம் போட ஆளில்லை, இந்தக் கடிதத்தையே திருத்தமாக வைத்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போகிறேன். முதல் 'பீ'க்கே உன் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் விளக்கம் சொல்ல மாட்டேன். அவன் வெளியே வரும் இடத்தில் மட்டும் ஒன்று சொல்வேன்: இதை உங்கள் தாத்தா முதலிலேயே பார்த்துவிட்டார், என் அண்ணன்.

பச்சை அழகாகத்தான் இருந்தது. அதில் மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ கூப்பிட்டாய். இங்கேதான் இருந்தேன். தூங்கிவிட்டேன்.

உன் தம்பி