என்ரை கோட்டு ஏறின உயரம்

12 நவம்பர் 2006, ஞாயிறு

நித்திரை வரேல்லை. வசந்தி நியூயோர்க்காலை வந்திட்டாள். பின்னேரம் அவளின்ரை வீட்டை போனன். அங்கத்தைய பழைய வானளாவிக் கட்டிடமொண்டின்ரை உச்சியிலை நிண்டு எடுத்த படங்களை எல்லாருக்கும் காட்டினாள்.

"மேலை அப்பிடிக் காத்து, அக்கா. கதைச்சாலும் கேக்காது. உங்கடை கோட்டு இல்லாட்டி விறைச்சிருப்பன்."

நான் வேலை செய்யிற வீட்டு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா முதல் கேட்டது என்னைத்தான். நியூயோர்க் பயணத்திலை தன்ரை பேரப்பிள்ளையைப் பாக்க ஆள் வேணுமெண்டா. என்ரை வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கவெண்டு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை கிடந்தது. அது கையிலை இல்லாமல் எங்கை போறது? வேறை ஆரும் நல்ல பிள்ளை இருக்கோ எண்டு கேட்டா. வசந்தியின்ரை பேரைச் சொன்னது என்ரை வாய்தான். குளிருமெண்டு சிவப்புக் கோட்டையும் குடுத்து விட்டன். பெரிய தர்மவதி.

படத்திலை அவளுக்குப் பின்னாலை முழு நகரமும் கிடக்குது. தலைமயிர் பறக்கச் சிரிக்கிறாள். எல்லாரும் வடிவெண்டு சொல்லிச்சினம். அவளின்ரை மகள் மட்டும், "அம்மா, இது அன்ரியின்ரை கோட்டெல்லோ?" எண்டாள். அந்தப் பிள்ளையைக் கட்டிக் கொஞ்சவேணும் போலை கிடந்தது.

கோட்டைத் தோய்ச்சு மடிச்சுத் தந்தாள். ஒரு பொத்தான்கூடக் கழரேல்லை. குறை சொல்லவும் வழியில்லை.

இப்ப அதைப் போட்டுக்கொண்டு பல்கனியிலை நிண்டு பாத்தன். எதிர்வீட்டுக்காரி காயப்போட்ட படுக்கை விரிப்பு முகத்துக்கு நேரை தொங்குது. அதுக்கு அங்காலை ஒண்டும் தெரியேல்லை. இஞ்சை இன்னும் குளிர் வரேல்லை; கோட்டுக்குள்ளை வேர்த்ததுதான் மிச்சம்.